தாமதமாக வந்தவை

ஆகஸ்ட் 4, திங்கள்

இவருக்குக் கண்ணில் புரை நீக்கி இன்று ஐந்தாம் நாள். எட்டு, பன்னிரண்டு, நான்கு, மறுபடி எட்டு என்று நாளைக்கு நான்கு தடவை சொட்டு மருந்து விடவேண்டும். முப்பத்தைந்து வருடம் பாலம் கட்டிய என்ஜினியர், ஒரு சொட்டுக்குப் பயந்து கண்ணை இறுக மூடிக்கொண்டு "விட்டாச்சா, விட்டாச்சா" என்கிறார். பாதி மருந்து கன்னத்தில் வழிகிறது.

பன்னிரண்டு மணிச் சொட்டின்போது பதிவுத் தபால் வந்தது. மத்திய, மாநில உறவுகளை ஆராய அமைத்திருக்கிற குழுவிலிருந்து. யாரோ ஒருவர் குழுவுக்கு நூற்றெண்பது பக்கத்தில் மனு அனுப்பியிருக்கிறார். துறை வல்லுநர் என்ற முறையில் நான் அதைப் படித்துக் கருத்துச் சொல்லவேண்டுமாம். மனுதாரர் பெயரை மறைத்திருக்கிறார்கள். கடைசி வரி இப்படி: "இருபத்தைந்தாம் தேதிக்குள் பதில் வராவிடில், தங்களுக்குச் சொல்ல ஏதுமில்லை எனக் கொண்டு மனு முடித்து வைக்கப்படும்."

ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியும் கூட்டாட்சி என்றால் இந்த சௌந்தரவல்லியைத்தான் தேடுகிறார்கள். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். என் புத்தகத்தின் ஏழாம் பதிப்பு மெய்ப்பும் மேசைமேல் திருத்தக் காத்திருக்கிறது. வாஷிங் மெஷின் வேறு அடியில் தண்ணீர் விடுகிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மனுவைப் பிரித்தேன். மூன்றாம் பக்கத்திலேயே தூக்கிவாரிப் போட்டது. மனு முழுக்க என்னைப் பற்றியது.

பொதுப் பட்டியலில் உள்ள விஷயங்களில் சட்டம் கொண்டுவருமுன் டெல்லி, மாநிலங்களுக்குக் கடிதம் போட்டு அபிப்பிராயம் கேட்கும். ஒரு அமைச்சகம் பத்து வருடங்களில் அப்படி அனுப்பிய நானூற்றுப் பன்னிரண்டு கடிதங்களை, எண்பத்தாறில், இருபத்தேழு வயதில், டெல்லி ஆவணக் காப்பகத்தில் நான்கு மாதம் தும்மிக்கொண்டே படித்து முடித்தவள் நான். நூற்றுக்கு எழுபத்தொரு தடவை மாநிலங்கள் சம்மதித்தன என்று கண்டேன். நம் கூட்டாட்சி சண்டையில் அல்ல, சம்மதத்தில் நடக்கிறது என்று அதை வைத்துத்தான் எழுதினேன். அந்த ஒரு எண்தான் எனக்கு வேலை, பதவி, விருது எல்லாம் வாங்கிக் கொடுத்தது. மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் என்னை 'செவன்ட்டி ஒன்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

மனுதாரர் சொல்கிறார்: அந்த எழுபத்தொன்றில் பாதிக்குமேல் பதிலே வராத கடிதங்கள். பதில் சொல்லாதவர்களை எல்லாம் நான் சம்மதித்தவர்களோடு சேர்த்துவிட்டேனாம். என்ன துணிச்சல்! கெடுவுக்குள் பதில் வராவிட்டால் ஆட்சேபம் இல்லை என்று எடுத்துக்கொள்வது அந்த அமைச்சகத்தின் வழக்கம். அந்த வழக்கத்தைத்தான் நானும் பின்பற்றினேன். அடிக்குறிப்பில் சொல்லியிருக்கிறேனே.

ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. அந்த மாநிலங்கள் பதில் அனுப்பின, கெடு தாண்டிப் போய்ச் சேர்ந்தன என்கிறார். பாட்னா, லக்னோ, போபால், ஜெய்ப்பூர், புவனேஸ்வர் என்று ஒவ்வொரு தலைநகரிலும் பழைய தபால் பதிவேடுகளைப் பார்த்து, எந்தத் தேதியில் எந்த எண்ணில் கடிதம் போனது, அதில் என்ன எழுதியிருந்தது என்று அட்டவணை போட்டிருக்கிறார். பெரும்பாலும் ஆட்சேபங்கள். சம்மதம் எழுபத்தொன்று அல்ல, முப்பத்தொன்பதுதான்.

நான்கு மணிச் சொட்டை மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

மெஷின் ரிப்பேர்காரர் வரவில்லை. எழுத வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இரண்டு நாளாகத் தப்புத் தேடினேன். முப்பது பதிவுகளை என் பட்டியலோடு ஒப்பிட்டேன். ஒரு தேதிகூடப் பிசகவில்லை. ஒரு மாணவன் இப்படி எழுதியிருந்தால் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன்.

நம் ஆபீஸ்காரர்களின் லட்சணம், முதல் பக்கத்தில் பெயரைக் கறுப்பு மையால் அடித்துவிட்டு, இணைப்புகளில் எல்லாம் அப்படியே விட்டிருக்கிறார்கள். போன் நம்பரோடு. தே. மாசிலாமணி, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் (ஓய்வு), நாசரேத்.

கடைசி இணைப்பின் அடியில் ஒரு நன்றியுரை: "பதில் அனுப்பாத மாநிலங்கள் உண்மையில் என்ன நினைத்தன என்ற கேள்வியை 1997-இல் என் ஆய்வேட்டின்மேல் எழுப்பிய, பெயர் சொல்ல அனுமதியில்லாத மதிப்பீட்டாளருக்கு."

அந்த மதிப்பீட்டாளர் நான்தான். இவர் "சோறு போடலியா வல்லி" என்று கேட்டது காதில் விழுந்தும் எழுந்திருக்க முடியவில்லை.

அந்த ஆய்வேடு எனக்குச் சரியாக ஞாபகமில்லை. நீல நிற அட்டை. இருநூற்றிருபது பக்கம். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் என் எண்ணை மறுத்திருந்தார்.

ஆகஸ்ட் 9, சனி

என் அறிக்கையின் நகல் கிடைத்துவிட்டது. எதையும் தூக்கிப் போடாத புத்தி எனக்கு. "எழுபத்தொரு சதவீதம் என்பது நிலைநாட்டப்பட்ட முடிவு. பதில் அனுப்பாத மாநிலங்கள் என்ன நினைத்தன என்பதற்கு ஆய்வாளர் மாநிலம் மாநிலமாக ஆதாரம் காட்டட்டும். அதுவரை பட்டத்துக்குப் பரிந்துரைக்க இயலாது."

கறாரான மதிப்பீட்டாளர் என்று எனக்குப் பெயர். கறாராகத்தான் எழுதியிருக்கிறேன். அதில் தப்பில்லை. எந்த மதிப்பீட்டாளரும் கேட்கக்கூடிய கேள்விதான்.

அவர் அந்த ஆய்வேட்டைத் திருத்திக் கொடுக்கவே இல்லை. பட்டம் வாங்கவில்லை. கல்லூரி வேலைக்கு வரவில்லை. எத்தனையோ பேர் பாதியில் விடுகிறார்கள், அவரும் விட்டுவிட்டார் என்று நினைத்திருந்தேன். நினைத்தேன் என்பதுகூட அதிகம். மறந்துபோனேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பரணில் இருக்கும் பழைய குறிப்பு அட்டைகளை எடுக்க ஏறினேன். இவர் கீழே நின்று, ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு, "விழுந்து தொலைக்காதே, உனக்குச் சொட்டு விட எனக்குத் தெரியாது" என்றார். நான்கு செருப்புப் பெட்டிகள். எண்பத்தாறில் டெல்லியில் எழுதிய ஆயிரத்துச் சொச்சம் அட்டைகள்.

பதில் வராதவற்றை எப்படிச் சேர்ப்பது என்பது என் நெறியாளர் சொன்ன யோசனை. இதை எழுதி வைக்கிறேன். அவர் காலமாகிப் பதினைந்து வருடம் ஆகிறது, அவரைக் கேட்கவும் முடியாது.

மூன்றாம் பெட்டியில் ஒரு அட்டை, மூலையில் பொடி எழுத்தில் வரிசை எண்ணும் அலமாரி எண்ணும். என் கையெழுத்து, பச்சை மை. "கட்டு 14. தாமதமாக வந்தவை. சுமார் 150. கெடு கடந்ததால் கணக்கில் சேராது."

அப்படியானால் அந்தப் பதில்கள் டெல்லியிலேயே இருந்தன. ஒரே கட்டாக, சிவப்பு நாடா போட்டு, என் மேசைமேல். எனக்குச் சுத்தமாக ஞாபகமில்லை. கெடு கடந்தவை என்று மேலேயே எழுதியிருந்தால், நான்தான் எதற்குப் பிரித்துப் பார்த்திருக்கப் போகிறேன்?

அட்டையின் பின்பக்கத்தைப் பார்க்கவில்லை. பின்பக்கம் எழுதும் பழக்கம் எனக்கு இல்லை.

ஆகஸ்ட் 13, புதன்

மெய்ப்புத் திருத்த உட்கார்ந்தேன். முதல் அத்தியாயத்தில் மட்டும் எழுபத்தொன்று பதினாறு இடத்தில் வருகிறது. மூடி வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

அடுக்ககத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள். தொண்டை சரியில்லை என்று வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 16, சனி

பின்பக்கம் எழுதும் பழக்கம் எனக்கு உண்டு.

"கட்டு 14-ல் முதல் ஆறு பார்த்தேன். ஆறும் ஆட்சேபம். 18-ம் தேதி ரயில். அத்தியாயம் முன்பே டைப் ஆகிவிட்டது. விட்டுவிடலாம்."

ஐயோ. தெரிந்தே செய்திருக்கிறேன்.

அந்த அறை இப்போது அப்படியே வருகிறது. நாடாவை அவிழ்த்தேன், ஆறு கடிதம் படித்தேன், மறுபடி கட்டினேன். விரிவுரையாளர் நேர்முகம் மாதக் கடைசியில். மீதியைப் படிக்க ஒரு வாரம் போதும். அந்த ஒரு வாரம் தங்க எனக்கு மனமில்லை. நெறியாளர் எந்த யோசனையும் சொல்லவில்லை. நான்தான் அவரிடம் "பதில் வரலை சார், ஆட்சேபணை இல்லைன்னு எடுத்துக்கலாமா" என்று கேட்டேன். அவர் ஊம் என்றார்.

பதினொரு வருடம் கழித்து ஒருவர் வந்து சரியாக அந்த இடத்தில் விரல் வைத்தபோது, ஆதாரம் எங்கே என்று அவரையே மடக்கினேன். ஆதாரம் இருக்கிற கட்டின் எண் என் பரணில் இருந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இவரிடம் சொன்னேன். மனு, அறிக்கை, பதினான்காம் கட்டு. அட்டையின் முன்பக்கம் வரை மட்டும்.

"இதுக்கா பத்து நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே? சும்மா இரு. இருபத்தஞ்சாம் தேதி அவங்களே முடிச்சிடுவாங்க. நீ பொய் சொல்ல வேணாம், ஒண்ணும் சொல்ல வேணாம்."

"அவர் பாவம் இல்லையா?"

"யாரு? பார்த்திருக்கியா அந்த ஆளை?"

நிம்மதியாக இருந்தது. வெட்கக்கேடு, ஆனால் இருந்தது. மதியம் நன்றாகத் தூங்கினேன்.

எழுந்து காபி போட்டுக்கொண்டு வந்தால், இவர் மேசையருகில் நிற்கிறார். அட்டை கையில். பின்பக்கம்.

"வல்லி, இது உன் கையெழுத்துதானே?"

"ஆமா."

காபியை வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். எட்டு மணிச் சொட்டுக்கு, முதல் தடவையாக, கண்ணைத் திறந்தபடி பேசாமல் உட்கார்ந்திருந்தார். நாற்பது வருடத்தில் இந்த மனிதர் என்மேல் கோபப்பட்டிருக்கிறார், சண்டை போட்டிருக்கிறார். என்னைப் பார்த்துத் திகைத்ததில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

மாசிலாமணிக்குப் போன் செய்தேன். பெயரைச் சொன்னதும் அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்த சத்தம். எழுந்து நின்றுவிட்டார் போலிருக்கிறது. நேரில் பார்க்க வரட்டுமா என்றேன்.

"மேடமா? நீங்களா? எங்க வீட்டுக்கா வாரீங்க?"

மதிப்பீட்டாளர் மனுதாரரைச் சந்திக்கக்கூடாது என்பது விதி. நான்கு பேருக்கு அந்த விதியைப் பாடமாக எடுத்தவள் நான். டிக்கெட் போட்டுவிட்டேன். இவருக்கு மருந்து விட எதிர்வீட்டுக்காரம்மா ஒப்புக்கொண்டார்.

ஆகஸ்ட் 21, வியாழன் (திரும்பும் ரயிலில்)

நேற்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நாசரேத் ஸ்டேஷனுக்கே வந்து நின்றிருந்தார். அறுபத்தொரு வயது, ஒல்லி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். வீட்டில் அவர் மனைவி ஜெபக்கனி இட்லியும் கறிக்குழம்பும் வைத்திருந்தார். மனைவி அதிகம் பேசவில்லை. அவர்தான் வாய் ஓயாமல் பேசினார்.

"அறிக்கை எழுதினது நீங்கன்னு எங்க கைடு சொல்லிட்டாவ மேடம். 'அந்தம்மா உன்னைக் கழிச்சுக் கட்டிட்டா, வேற தலைப்பு எடு'ன்னாவ. எனக்கு அப்படித் தோணல. நியாயமான கேள்வில்லா? பதில் வரலைன்னா ஏன் வரலைன்னு பாக்கணும். நான் பாக்காமலே எழுதிட்டேன். தப்பு எம்மேலதான்."

கையிலிருந்த இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

"டெல்லில அந்தப் பதிலெல்லாம் இருக்குமான்னு தேடலையா?" என்று கேட்டேன்.

"நீங்க நாலு மாசம் பாத்த இடம். அங்க இருந்தா நீங்க விட்டிருப்பீங்களா? அதனாலதான் மாநிலம் மாநிலமாப் போனேன்."

இருபத்தெட்டு வருடம். பள்ளிக்கூட வேலை பார்த்துக்கொண்டு, வருடத்துக்கு ஒரு கோடை விடுமுறை. பல்கலைக்கழகச் சீட்டு இல்லாத வாத்தியாரை முதல் நாளில் யாரும் உள்ளே விடமாட்டார்களாம். மூன்று நாள் வாசலில் உட்கார்ந்தால் விட்டுவிடுவார்களாம். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஜெபக்கனி அப்போதுதான் வாயைத் திறந்தார். "லீவு விட்டா ஊர்ல எல்லாரும் குத்தாலம் போவாவ, கொடைக்கானல் போவாவ. எங்கள பாட்னாவுக்குக் கூட்டிட்டுப் போனாவ. மே மாசத்துல பாட்னா! எம்மவளுக்கு அங்க வச்சு அம்மை போட்டுட்டு. அவ பன்னெண்டாங் கிளாசுல அரசியல் அறிவியலே வேண்டாம்னுட்டா."

"அது ஒரு காலம்" என்றார் அவர். பிறகு, முகம் கழுவிவிட்டு ரிசல்ட் பார்க்க வந்து நிற்கிறவரைப்போல, "இந்தத் தடவை எப்படி மேடம்? தேறிருமா?" என்றார்.

அவர் என்னை நம்பி இருபத்தெட்டு வருடம் நடந்திருக்கிறார். அதைவிட அவர் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

முன்பக்கம் படித்தார். நான் எதுவும் சொல்லாமலே திருப்பிப் பின்பக்கம் படித்தார். நல்ல ஆய்வாளர், திருப்பிப் பார்க்கத் தெரிந்தவர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

"இது எந்த வருஷம் மேடம்?"

"எண்பத்தாறு."

"நான் ஆய்வேடு குடுத்தது தொண்ணூத்தேழு."

"ஆமா."

"அப்போ அந்தக் கேள்விய எழுதும்போது உங்களுக்குப் பதில் தெரியும்."

"தெரியும்" என்றேன். மறந்துபோச்சு என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"கட்டு அங்க கெடக்குன்னு ஒரு வரி எழுதியிருக்கலாமே மேடம்." குரலை உயர்த்தவே இல்லை. "ஒரே ஒரு வரி."

ஜெபக்கனி எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். "என்ன சொல்லுதாவ?"

"ஒண்ணுமில்ல. நாம பாட்னாவுக்குப் போயிருக்க வேண்டாம்னு சொல்லுதாவ."

மாசிலாமணி எழுந்து உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. ஜெபக்கனி என் பையை எடுத்து வாசலில் வைத்துவிட்டு, "ஆட்டோவுக்குச் சொல்லியிருக்கேன்" என்றார். அழுதேன். அந்த அம்மாள் அழவும் இல்லை, என்னை அழவேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

ஆகஸ்ட் 23, சனி

கருத்துரை எழுதி முடித்தேன். நான்கு பக்கம். மனுதாரர் சொல்வது சரி. என் எண் தவறு. தவறு என்று எண்பத்தாறிலேயே எனக்குத் தெரியும். தொண்ணூற்றேழில் அவர் பட்டத்தைத் தடுத்தது நான். அட்டையின் இரண்டு பக்கத்தின் நகலையும் இணைத்தேன்.

எத்தனையோ பக்கம் எழுதியிருக்கிறேன். இந்த நான்கு பக்கத்துக்கு இரண்டு நாள் ஆயிற்று. "கவனக்குறைவால்" என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். இவர் படித்துப் பார்த்து, அந்த வார்த்தைமேல் விரலை வைத்தார். அடித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

தபாலை நம்பாமல் குழு அலுவலகத்துக்கு நேரில் போய்க் கொடுத்து முத்திரை வாங்கினேன். அங்கிருந்த அதிகாரி என் மாணவிதான். நின்றபடியே படித்தாள். "மேடம், இதை வாங்காத மாதிரி நான் இருந்துடட்டுமா? இன்னிக்கோட முடிஞ்சிடும்" என்றாள். எண் போட்டுப் பதிவு செய் என்றேன்.

வீட்டுக்கு வந்து பதிப்பாளருக்குப் போன் செய்தேன். ஏழாம் பதிப்பு வேண்டாம் என்றேன். ஏன் என்றார். சொன்னேன். அவர் வெகுநேரம் ஹலோ, ஹலோ என்று கேட்டுக்கொண்டிருந்தார், லைன் நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மெஷின் ரிப்பேர்காரர் வந்தார். குழாயில் ஓட்டையாம்.

ஆகஸ்ட் 28, வியாழன்

காலையில் மாசிலாமணியின் போன். திட்டப்போகிறார் என்று நினைத்தேன், திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன். மன்னித்துவிட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்ற ஒரு நப்பாசையும் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

"கட்டு பதினாலுன்னு இருந்துது. எந்த வரிசை, எந்த அலமாரின்னு நான் கவனிக்கல. அதச் சொல்லுங்க."

"குழுவுக்கு எல்லாத்தையும் எழுதிக் கொடுத்துட்டேன் சார். அட்டை நகலும் வெச்சிருக்கேன். நீங்க சொன்னதுதான் சரின்னு ஒத்துக்கிட்டேன்."

"அது சரி. ஆனா நீங்க எழுதுனத நம்பி நான் எழுத முடியாதுல்லா? நேர்ல பாக்கணும்."

"டெல்லிக்கா போறீங்க?"

"டிக்கெட் போட்டாச்சு. அவளும் வாரா."

அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு வரிசை எண்ணையும் அலமாரி எண்ணையும் சொன்னேன். ஒருமுறை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார். போனை அவர் உடனே வைக்கவில்லை.

"நானும் வரட்டுமா சார்?" என்று கேட்டுவிட்டேன். "நூத்தைம்பது கடிதம். ரெண்டு பேரா உக்காந்தா சீக்கிரம் முடிஞ்சிடும்."

"வேண்டாம் மேடம்" என்றார். "நீங்கதான் பாத்துட்டீங்களே."